முந்தியில் எட்டுக் கட்டளைகள்

எங்கள் சபையில் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரியாதவர் கிடையாது. எல்கேஜி பிள்ளைகூட மூச்சு விடாமல் ஒப்பிக்கும். கமிட்டி செயலாளரின் காருக்குப் பின்னால் தங்க நிற ஸ்டிக்கராக அவை ஒட்டியிருக்கின்றன. அவர் ரிவர்ஸ் எடுக்கும்போது நம்மை இடிக்க வருவது கட்டளைகள்தான். அவற்றின்படி நடக்கிற ஆள் யார் என்று கேட்டால், எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர், என் அப்பா. பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஆளோடு ஒரே வீட்டில் இருந்து பாருங்கள், அப்போது தெரியும்.

ஒருநாள் லேப்டாப்பில் ஏதோ சாஃப்ட்வேர் ஏற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"இன்னாடா அமுக்கின இப்ப?"

"கண்டிஷன் எல்லாம் படிச்சிட்டேன், ஒத்துக்கிறேன்னு அமுக்கினேன்பா."

"படிச்சியா?"

"நாப்பது பக்கம் இருக்குதுபா. உலகத்துல எவனும் படிக்க மாட்டான்."

"படிக்காத நீ ஏன் படிச்சேன்னு சொன்ன?"

"கம்ப்யூட்டர் கிட்டதானேபா சொன்னேன்!"

"கம்ப்யூட்டர் கிட்ட சொன்னா பொய் இல்லியா?"

சாப்பாட்டு நேரம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இவருக்கு மகனாகப் பிறந்தவன் நான்.

அப்பா பட்டு நெசவாளி. எங்கள் வீட்டில் நுழைந்தால் முதலில் தறிதான். மனுஷர்கள் மிச்ச இடத்தில் வாழ்கிறோம். அப்பா குழியில் கால் வைத்து நெய்வார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். நான் ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சேலைக்கு டிசைன் போடுகிறேன். மயில், மாங்காய், கோபுரம் எல்லாவற்றையும் திரையில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தால், அதன்படி அட்டையில் ஓட்டை குத்தித் தருவார்கள். அந்த அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே தொங்கவிட வேண்டும். எந்த இழை எழ வேண்டும், எந்த இழை படுக்க வேண்டும் என்று அட்டைதான் சொல்லும். அது சொன்னதைத்தான் தறி நெய்யும், கேள்வி கேட்காது.

அப்பாவுக்குப் பாவும், அதாவது தறியில் நீளவாக்கில் பூட்டுகிற நூலும், ஜரிகையும் கொடுப்பவர் அந்த ஸ்டிக்கர் கார்க்காரர்தான். ஊரில் பெரிய பட்டுக்கடை வைத்திருக்கிறார். சபையில் கமிட்டி செயலாளர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் 'பிரதர்' என்று அழைத்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை ஆனதும் அப்பா வாயில் அவர் 'முதலாளி', அவர் வாயில் அப்பா 'இன்னாய்யா, இன்னும் முடிக்கலியா'. ஆறு நாள் இடைவெளிக்குப் பிறகு மறுபடி பிரதர். எனக்கு மட்டும் அவர் எல்லாக் கிழமையும் அங்கிள்.

போன வருடம் அவருடைய மகளுக்கு வேலூர் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் ரொம்பவும் ஜெபிக்கிறவர்கள் என்று பேச்சு. சாதாரணமாகக் கல்யாணத்துக்கு எங்களில் வெள்ளைப் பட்டு, ஜரிகைக் கரை, அவ்வளவுதான். இவருக்கு அது போதவில்லை. சந்தன வெள்ளைச் சேலையின் முந்தியில், அதாவது முந்தானையில், பத்துக் கட்டளைகளையும் ஜரிகையில் நெய்து மகளுக்கு உடுத்துவது என்று முடிவெடுத்தார். அதைச் சபையிலும் சொல்லிவிட்டார். கடவுளுக்குச் சொன்னாரா என்று தெரியாது.

டிசைன் பேசக் கடை மாடிக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம். கீழே கடையில் முகூர்த்தக் கூட்டம் நெரிந்தது. ஓய்வு நாளை இவர் ஆசரிக்கிற அழகு அது. அப்பாவைப் பொறுத்தவரை நான் வாலிபர் கூட்டத்தில் இருந்தேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"பத்தும் வரணும்பா. எழுத்து பெருசா, கடைசி பெஞ்சுல உக்காந்தவனுக்கும் தெரியணும்," என்றார் அங்கிள். "மேல சிலுவை. ரெண்டு பக்கமும் புறா. கீழ மாங்கா, அதுக்குக் கீழ வரிசையா யானை."

"யானை எதுக்கு அங்கிள்?"

"காஞ்சிபுரம் சேலைன்னா யானை இல்லாமலாடா?"

திரையில் வைத்துக் காட்டினேன். அவர் கேட்ட அளவு எழுத்தில் எட்டுக் கட்டளைகள் உட்கார்ந்தன. இரண்டு வெளியே நின்றன.

"எழுத்த சின்னதாக்கலாம். இல்லேன்னா யானைய எடுத்துடலாம். இல்ல, முந்திய நீட்டலாம்."

"நீட்டினா தரையில இழுக்கும். யானை இருக்கட்டும்," என்றார் அவருடைய மனைவி. அவரை ஆன்ட்டி என்பேன். ஆன்ட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். ஏழாவதில், 'விபசாரம் செய்யாதே'யில், விரல் நின்றது. குரல் இறங்கிவிட்டது. "ஏங்க, இத பாத்தீங்களா? கல்யாணப் பொண்ணு முதுகுல இந்த வார்த்தையா?"

"செய்யாதேன்னுதானேமா போட்டிருக்குது."

"உங்களுக்குத் தெரியாது, கம்முனு இருங்க. முந்தி மடிஞ்சா 'செய்யாதே' உள்ள போயிடும். மொத வார்த்தை மட்டும் வெளிய நிக்கும். ஃபோட்டோகாரன் கரெக்டா அங்கதான் நின்னு எடுப்பான்."

நியாயமான பயம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஏழாவதை எடுத்தோம்.

"அதுக்கு மேல இருக்கிறது மட்டும் இன்னா வாழுது?" என்றார் ஆன்ட்டி. "நல்ல காரியத்துல கொலைன்னு எழுதுவாங்களா? அபசகுனம்."

சகுனம் பார்க்காத குடும்பம் என்று சபையில் சாட்சி சொன்னவர் இதே ஆன்ட்டிதான். மாப்பிள்ளை வீட்டுக்கு இவர்கள் கிளம்பிய நேரம் மட்டும் தற்செயலாக ராகு காலம் முடிந்து இரண்டாவது நிமிடம். ஆறாவதும் போனது. எட்டு. கச்சிதமாக உட்கார்ந்தது. யானைக்குத் தும்பிக்கை தூக்கவும் இடம் கிடைத்தது.

பத்தாவதில் பிறனுடைய மனைவி வருகிறாள் என்பதை ஆன்ட்டி கண்டுபிடித்து, அவளையும் வெளியேற்றி, 'பிறன் பொருள்' என்று வைக்கச் சொன்னார். ஓய்வு நாளை யாரும் தொடவில்லை. படிக்க அழகாக இருந்ததாம். கீழே பில் போடுகிற சத்தம் மாடிவரை கேட்டுக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண் சோபாவில் உட்கார்ந்து ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். "எதுவா இருந்தாலும் சீக்கிரம் முடிங்கமா, ப்யூட்டிஷியன் வந்துக்கினு இருக்காங்க," என்பதுதான் கட்டளைகளைப் பற்றி அவள் சொன்ன ஒரே கருத்து.

அங்கிளுக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது போல. பாஸ்டருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"பாஸ்டர், முந்தியில இடம் பத்தல. ரெண்ட மட்டும் விட்டுக்கலாமா?"

"அதெல்லாம் மனசுல எழுதியிருந்தா போதும் பிரதர். சேலை சேலைதானே," என்றார் பாஸ்டர். யோசிக்கக்கூட இல்லை. "அப்பறம் பிரதர், நம்ம சபைக்கு அந்த மைக் செட்டு…"

"அது என் பொறுப்பு பாஸ்டர்."

இவ்வளவுதான். மலை, இடி, மின்னல், கற்பலகை என்று ஞாயிறு பள்ளியில் எங்களை நடுங்க வைத்தார்களே, அதிலிருந்து இரண்டை எடுக்க ஒரு மைக் செட் போதுமாயிருந்தது.

இங்கே என் பங்கையும் எழுதியாக வேண்டும். கட்டளைகளுக்கு முன்னால் ஒன்று, இரண்டு என்று நான் எண் போட்டிருந்தேன். எட்டில் முடிந்தால் குட்டு உடைந்துவிடும். "நம்பரைத் தூக்கிட்டா மேட்டர் ஓவர் அங்கிள்," என்று ஐடியா கொடுத்தது நான். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்," என்று அங்கிள் என் முதுகில் தட்டினார். எனக்குக் கெத்தாக இருந்தது. இவர்கள் எல்லாரையும் கேவலமாகப் பார்த்துக்கொண்டே இவர்களுக்கு வேலை செய்வதில் ஒரு சுகம் உண்டு. தான் மட்டும் வெளியே நிற்பதாக ஒரு நினைப்பு வரும். அன்று சாயங்காலம் ஆன்ட்டி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி, எடுத்தாயிற்றா என்று கேட்டார். நானும் பதிலுக்கு ஒன்று பேசி அனுப்பினேன்.

அட்டைகள் வந்தன. அப்பா கோத்துத் தொங்கவிட்டார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. முதலாளி பத்துக் கட்டளையை நெய்யச் சொல்லித் தன்னிடம் கொடுத்ததை அவர் ஆர்டராக நினைக்கவில்லை, அழைப்பாக நினைத்தார். வெள்ளைப் பாவு கறைபடக் கூடாது என்று காபியைக்கூட வாசலில் நின்று குடித்தார். உடம்பு பூராவும் நெய்து முடித்துவிட்டுக் கடைசியாக முந்தியை ஆரம்பித்தார்.

எழுத்து நெய்வது எப்படி என்றால், ஒரு வரியின் எழுத்துகள் எல்லாம் தலையிலிருந்து கால்வரை ஒன்றாக வளரும். முதலில் மொட்டை மொட்டையாக மேல்பகுதி தெரியும். என்ன வார்த்தை என்று புரியாது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அப்பாவுக்கு அது புரிய வேண்டிய தேவையே இல்லை. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத்தான் தெரியுமே. மிதியை மிதிக்கிற தாளத்துக்கு அந்தந்தக் கட்டளையை முணுமுணுத்துக்கொண்டே நெய்தார். தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை, ஆறாவதை முணுமுணுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தம் நின்றது.

"டேய், இங்க வா."

போனேன்.

"கொலைன்னா முன்னாடி கொம்பு வரணும் இல்ல? தோ பாரு, கொம்பே இல்லாம வருது. இது களவு இல்ல? அஞ்சுக்கு அப்பறம் எட்டு வருதுடா."

மேலே தொங்கிய அட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் சந்தேகமே இல்லை. ஏதோ விபத்து நடந்த இடத்தைப் பார்க்கிற முகம்.

"கம்ப்யூட்டர்ல மிஸ் ஆயிடுச்சுபோலபா," என்றேன். "வைரஸ். சில சமயம் லைன் லைனா துன்னுடும்."

அம்மா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "எந்த வைரஸ்டா அது, கரெக்டா ஆறையும் ஏழையும் பொறுக்கித் துன்னுது?"

"கம்முனு இருமா," என்றார் அப்பா. "புள்ளதான் சொல்றான் இல்ல."

இன்றைக்கும் அந்த வாக்கியத்தை என்னால் சரியாகக் கேட்க முடிவதில்லை. கம்ப்யூட்டரிடம் சொன்னாலும் பொய் பொய்தான் என்று சாப்பாட்டு நேரம் வரைக்கும் முறைத்த மனுஷன், கம்ப்யூட்டர் மேல் நான் போட்ட பழியை ஒரு நொடியில் நம்பினார்.

"விடுபா, இதோட முடிச்சுக் குடுத்துடு. யாரும் எண்ண மாட்டாங்க. நான் அங்கிள் கிட்ட பேசிக்கிறேன்."

"நீ ஏன் பேசணும்? நம்ம வீட்டுத் தப்பு, நான்தான் போய்ச் சொல்லணும். பத்துன்னு சொல்லி எட்ட குடுத்தா அதுக்கு இன்னா பேரு?"

முதலாளி பத்திரிகை வைக்க வெளியூர் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருவார், அங்கேயே நேரில் சொல்லிவிடுகிறேன் என்று அப்பா தறியை அப்படியே துணி போட்டு மூடினார். எனக்கு முழுசாக இரண்டு நாள் இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. எதற்கு என்று கேட்டால், இந்த ஆளுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்று நினைத்தேன். நிஜமாகவே இப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். ஆராதனையில் கல்யாண அறிவிப்பு வாசிக்கிற வாரம் அது. மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்; பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்கிற ரகம். பாஸ்டர் அன்றைக்குப் பொறி பறக்கப் பேசினார். காலம் மாறும், ஃபேஷன் மாறும், ஃபோன் மாடல் மாறும், கர்த்தருடைய கட்டளை மாறவே மாறாது என்றார். அதைக் கூட்டவோ குறைக்கவோ எவனுக்கும் அதிகாரம் கிடையாது என்று மேஜையில் குத்தினார். நம் சபையில் ஒரு மகள் அந்தக் கட்டளைகளையே உடுத்திக்கொண்டு மணமேடைக்கு வரப்போகிறாள் என்றபோது எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் தலைகுனிந்தாள். அடக்கத்தில் இல்லை, மடியில் ஃபோன். புது மைக் செட் நன்றாகவே வேலை செய்தது.

ஆராதனை முடிந்து வெளியே டீயும் பன்னும் கொடுத்தார்கள். அங்கிள், ஆன்ட்டி, மாப்பிள்ளையின் அம்மா அப்பா, பாஸ்டர் எல்லாரும் ஒரு வட்டமாக நின்றிருந்தார்கள். அப்பா டீக்கப்போடு நேராக அங்கே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பிரதர், மன்னிக்கணும். சேலையில தப்பாயிடுச்சு."

"இன்னா தப்பு?"

"பத்து இல்ல பிரதர். எட்டுதான் வருது. நம்ம பையன் டிசைன் போட்டதுல ரெண்டு விட்டுப்போச்சு. முந்திய பிரிச்சுட்டு நானே திரும்ப நெய்து குடுத்துடறேன். கூலி வேணாம்."

மாப்பிள்ளையின் அம்மா அக்கறையாகக் கேட்டார். "எந்த ரெண்டு அண்ணா?"

"கொலை செய்யாதே, விபசாரம் செய்யாதே. ஆறும் ஏழும்மா," என்றார் அப்பா. பஸ்ஸில் ஸ்டாப்பிங் சொல்கிற மாதிரி, சத்தமாக.

யாரும் பன்னை மெல்லவில்லை. அங்கிள் என்னை ஒரு நொடி பார்த்தார். அந்த ஒரு நொடி போதும் அவருக்கு, வியாபாரி. அப்பா தனக்குத் தெரியாத எதையும் கொண்டுவரவில்லை, தப்பிக்க ஒரு வழியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டார்.

"கட்டளையவா விட்டான்?" என்று நெஞ்சில் கை வைத்தார். "பத்தும் வரணும்னு அத்தினி வாட்டி சொன்னேனே பிரதர்! பாஸ்டர், நீங்களே கேளுங்க இந்த அநியாயத்த."

பாஸ்டர் தலையை மெதுவாக ஆட்டினார். வருத்தப்படுகிறாராம்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலையில எங்க புத்தி இருக்குது?" அங்கிளுக்கு இப்போது குரல் ஏறிவிட்டது. "ராவும் பகலும் ஃபோன். எதையோ பாத்துக்கினே வேலை செய்யறது. உன் புள்ள ஃபோன வாங்கிப் பாருய்யா, ஏழாவது கட்டளை ஏன் காணாம போச்சுன்னு தெரியும்."

ஞாயிற்றுக்கிழமையிலேயே பிரதர் போய் 'ய்யா' வந்துவிட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். சபையில் யார் வீட்டில் என்ன பிரச்சினை என்றாலும் சாட்சிக்கு அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் இப்போது எல்லார் முன்னாலும் குனிந்து நின்று, "நான் வளத்தது சரியில்ல பிரதர்," என்றார்.

நியாயத்துக்காக வாய் திறந்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். வெறி வந்தது. ஃபோனை எடுத்து ஆன்ட்டியின் வாய்ஸ் மெசேஜைப் போட்டு, சத்தத்தை முழுசாக வைத்தேன்.

"தம்பி, ஆறும் ஏழும் எடுத்தாச்சா? அங்கிள் கேக்க சொன்னாரு. எட்டே போதும். யார் கிட்டயும் சொல்லிக்காத, வெளிய பத்துன்னே இருக்கட்டும்."

ஆன்ட்டியின் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா இருமினார். பாஸ்டர் யாரையோ தேடுவது போல வாசல் பக்கம் பார்த்தார். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி. அந்தச் சந்தோஷம் எத்தனை விநாடி இருந்திருக்கும்?

"ஏன் நிறுத்தற?" என்று ஆன்ட்டி பாய்ந்து என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினார். "எங்கள மட்டும் சொல்றியே, அதுக்குக் கீழ நீ பேசி அனுப்பினத போடு. எல்லாரும் கேக்கட்டும்."

அமுக்கிவிட்டார். என் குரல்.

"எடுத்தாச்சு ஆன்ட்டி. நம்பரையும் தூக்கிட்டேன், எவன் எண்ணப் போறான்? எங்கப்பா ஒருத்தர்தான் எண்ணுவாரு, அது ஒரு கேஸு. கேட்டா கம்ப்யூட்டர் மிஸ்டேக்குன்னு சொல்லிக்கிறேன். நான் இன்னா சொன்னாலும் நம்பிடுவாரு அந்த மனுசன்."

கடைசியில் ஒரு சிரிப்பும் இருந்தது. சிரித்தேன் என்பதே எனக்கு நினைவில் இல்லை.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. டீக்கப்பை மேஜையில் வைத்தார். எதிரில் நின்ற மாப்பிள்ளையின் அம்மாவிடம் திரும்பினார்.

"மன்னிச்சிடுமா. தெரியாம விட்டுப்போச்சுன்னு இப்பதான் உங்க கிட்ட சொன்னேன். அது தப்பு. தெரிஞ்சேதான் விட்டிருக்காங்க. நான் சொன்னது பொய்யாயிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அந்த இடத்தில் அவருக்கு முக்கியமாகப் பட்டது அது ஒன்றுதான். தன்னை அவமானப்படுத்தியவனை விட்டுவிட்டார், ஏமாற்றியவனை விட்டுவிட்டார். தன் வாயிலிருந்து போன ஒரு தப்பான வாக்கியத்தைத் திருத்திவிட்டு நடக்க ஆரம்பித்தார். எப்பேர்ப்பட்ட ஆள் என்று யாராவது வியந்தால் எனக்கு எரிச்சல் வரும். என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். அப்பன் என்று எதற்கு இருக்கிறார்?

பைக்கில் ஏறவில்லை. நான் தள்ளிக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். கோயிலுக்கு வந்த பஸ்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. புரோக்கர் ஒருவன் எங்களை வெளியூர் என்று நினைத்து, "வாங்க சார், ஒரிஜினல் பட்டு, தறிக்காரன் வீட்டு ரேட்டு," என்றான். அப்பா நின்று, "நானே தறிக்காரன்தான்பா," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவனுக்கும் உண்மை சொல்லியாக வேண்டும் இவருக்கு.

தெருமுனை திரும்பும்போதுதான் என்னிடம் பேசினார்.

"கொலை, விபசாரம் ரெண்டும் பொண்ணு முதுகுல அசிங்கமா இருக்கும்னு எடுத்தீங்க. சரி. பொய் சாட்சி சொல்லாதேன்றத ஏன்டா விட்டு வச்சீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அது அசிங்கமா இருக்கும்னு யாருக்கும் தோணலபா," என்றேன்.

"உனக்குமா?"

"எனக்கும்தான்."



திங்கட்கிழமை காலையில் முதலாளியின் ஆள் வந்து பாவை அறுத்துக்கொண்டு போனான். அப்பா தடுக்கவில்லை; அறுக்கிற இடத்தில் இழை கலையாமல் பிடித்துக் கொடுத்தார். மூன்று வாரம் தறி காலியாகக் கிடந்தது. அம்மா என்னோடு பேசாமலேயே எனக்குச் சோறு போடுகிற வித்தையைக் கற்றுக்கொண்டார். எனக்கும் அந்தக் கடை டிசைன் வேலை போனது. என்னைவிட வேகமான ஓர் ஆள் கிடைத்திருப்பான். சேலையை வேறு எங்கேயோ கொடுத்து முடித்தார்கள்.

கல்யாணத்துக்கு நாங்களும் போனோம். அழைப்பிதழ் வந்தால் போக வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். வீடியோ லைட் வெளிச்சத்தில் ஜரிகை மின்னியதில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. யானைகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. பாஸ்டர் புது மைக்கில் கட்டளைகள் மாறாதவை என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் மருமகளின் முந்தியைச் சரிசெய்கிற சாக்கில் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணினார். எட்டில் விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தார், கேமராவுக்குச் சிரித்தார். அவரும் செட்டாகிவிடுவார், கவலையில்லை. மாறாத கட்டளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பத்தாகவே இருக்கிறது. எங்கள் ஆட்கள் யானைக்கு இடம் விட்டு மிச்சத்தில் அதை வைத்துக்கொள்கிறார்கள். நான் அவர்களுக்கு லே-அவுட் போட்டுக் கொடுக்கிற ஆள். வெளியே நிற்கிறவன் இல்லை.

இப்போது அப்பா வேறொரு வியாபாரிக்கு நெய்கிறார். ஜெயின்காரர், பேச்சு குறைவு, ஞாயிற்றுக்கிழமை பாவு விஷயமாக ஃபோன் செய்தால் அப்பா பேச மாட்டார் என்று புரிந்துகொண்டவர். போன மாதம் நான் ஒரு கரை டிசைன் போட்டேன். யாருக்காகவும் இல்லை, அப்பாவின் தறிக்காகத்தான். கோதுமைக் கதிர், இடையில் சின்னச் சின்ன மீன். பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுடா."

"அட்டை குத்தி எடுத்துக்கினு வரட்டாபா?"

தாளை மடிக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். தறியில் இருந்தது கட்டம் போட்ட சேலை. நூலின் நிறத்தை மாற்றி மாற்றி ஓட்டினால் கட்டம் தானாக விழும். மேலே எதுவும் தொங்க வேண்டியதில்லை. அவரே கேட்டு வாங்கிய வேலை அது என்று அம்மா பிறகு சொன்னார்.

"வேணாம்டா," என்றார். "அட்டை இல்லாத வேலையா பாத்துத்தான் வாங்கிக்கினு இருக்கேன்."

சொல்லிவிட்டு நாடாவை எடுத்தார்.